கூறை மாற்றினாலும் குலையாத கொண்டை

(மணப்பெண் அலங்காரம் பழக வந்த பெண்களுக்காகச் சரவணையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொம்பிளையின் கொண்டை நல்லதோ கூடாததோ என்று தீர்ப்புச் சொல்லுகிறவர்கள் அறுகரிசி போட வருகிறவர்கள்தான். போட்டோக்காரருக்குக் கொண்டை ஒரு நிமிசம் நின்றால் போதும். ஒரு பக்கம் குலைந்தால் மற்றப் பக்கத்தை எடுப்பார். அறுகரிசி போடுகிறவர்கள் சோடி சோடியாக மணவறைக்கு ஏறி, தலையிலும் தோளிலும் அரிசியைச் சொரிந்து, ஆசீர்வதிக்கிற கையை உச்சந்தலையில் அழுத்தி வைப்பார்கள். சில பெரியம்மாமார் பிள்ளையின் கழுத்தைக் கட்டிக் கொஞ்சிவிட்டுத்தான் இறங்குவார்கள். பெரிய குடும்பமென்றால் இது எத்தனை தரம் நடக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்த வரிசை முடிந்தபிறகும் கொண்டை இருந்த இடத்தில் இருந்தால், போட்டவளுக்கு வேலை தெரியும்.

கைத்தொலைபேசியில் நாங்கள் பார்த்துப் பழகுகிற கொண்டைகளில் பெரும்பாலானவை படம் எடுப்பதற்காகப் போட்டவை. அதைப் போட்டவர் பக்கத்திலேயே நிற்கிறார். மொடல் பிள்ளை ஆடாமல் அசையாமல் கதிரையில் இருக்கிறது. எங்கள் பொம்பிளை நிலத்தில் விழுந்து கும்பிடுவாள், கழுத்தில் மாலை விழும், சடங்கின் நடுவில் எழும்பிப் போய்ச் சேலை மாற்றுவாள். ஆகையால் நான் பழக்குகிற பிள்ளைகளுக்குச் சொல்லுகிற முதல் வேலை சீப்பை எடுப்பதில்லை. கலியாண வீட்டாரிடம் அன்றைய ஒழுங்கைக் கேட்டு எழுதி எடுங்கள்: எத்தனை மணிக்கு முழுக்கு, எங்கே மண்டபம், எத்தனை மணிக்குக் கூறை, எத்தனை மணிக்குத் தாலி, பின்னேரம் வரவேற்பு உண்டோ. பிறகு கடைசியில் இருந்து முன்னுக்கு யோசித்து வாருங்கள். கொண்டையின் உயரம், பூவின் பாரம், கிளிப்பின் திசை எல்லாவற்றையும் அந்தக் கடதாசிதான் சொல்லும்.

காலையில் இருந்து தொடங்குவோம். பாலறுகு வைத்துப் பொம்பிளையைத் தோயவார்க்கிற வழக்கம் எங்களிடம் இன்னும் இருக்கிறது. உலகம் முழுக்க அழகுக்கலை படிப்பிக்கிறவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? கொண்டை போடுகிற தலையை முதல் நாளே கழுவிவிடு, அன்றைக்குக் கழுவாதே. புதிதாகக் கழுவிய மயிர் வழுக்கும், கிளிப் நிற்காது. ஆனால் எங்கள் பொம்பிளையை நாங்கள் அன்று காலையில்தான், அதுவும் பால் ஊற்றி, முழுக வார்க்கிறோம். இந்தச் சிக்கலை எந்த வெளிநாட்டு வீடியோவும் உங்களுக்குத் தீர்த்துத் தராது.

நான் செய்கிறது இது. ஷாம்பு போட்டு அழுக்கெடுக்கிற கழுவலை முதல் நாள் முடித்துவிடச் சொல்லுவேன். அன்று காலையில் பாலும் அறுகும் உச்சியில் படட்டும், பிறகு வெறும் தண்ணீரால் அலசினால் போதும். கொண்டிஷனர் வேண்டாம். பெரியவர்களிடம் முதலே மரியாதையாகச் சொல்லிவிட்டால் அவர்கள் பாலைக் குடம் குடமாக ஊற்ற மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் ஊற்றுவார்கள், அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நல்லெண்ணெய் முழுக்கு வேண்டுமென்றால் அதற்கு முந்திய செவ்வாயோ வெள்ளியோ பார்த்து முடித்துவிடட்டும்.

முழுகிய தலை அடி வரைக்கும் காய வேண்டும். துவாயால் ஒற்றி, பிறகு ஹெயார் ட்றையரால் வேரில் இருந்து காய வையுங்கள். ஈரத் தலையில் கேர்லிங் அயனை வைக்கிற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். 'சீ' என்று ஒரு சத்தம் வரும், ஆவி பறக்கும். மயிருக்குள் இருக்கிற தண்ணீர் கொதித்து, உள்ளே சின்னச் சின்னக் குமிழிகளாக வெடித்து, அந்த இடத்தில் மயிர் முறிந்து போகும். சத்தம் கேட்டால் அயனை எடுத்துவிடுங்கள்.

இனி மயிர் எப்படி வளைகிறது, எப்படித் திரும்பவும் நிமிர்கிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். மயிர் கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளுக்கு நடுவில் ஐதரசன் பிணைப்புகள் இருக்கின்றன. தண்ணீர் பட்டாலும் சூடு பட்டாலும் அவை விடும். காயும்போதும் ஆறும்போதும் எந்த வடிவத்தில் மயிர் இருக்கிறதோ அந்த வடிவத்தில் திரும்பப் பிடிக்கும். சுருட்டிய கற்றையை அயனில் இருந்து எடுத்தவுடன் கையால் இழுத்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லுகிறது இதனால்தான். சுருளாகவே கையில் ஏந்தி, ஒரு கிளிப்பைக் குத்தி, ஆற விடுங்கள். பிடிக்கிறது சூட்டில் இல்லை, ஆறுதலில். பலர் அயனின் சூட்டைக் கூட்டிக் கூட்டி மயிரைக் கருக்குகிறார்கள். ஆற விடுகிற ஐந்து நிமிசத்துக்குத்தான் பொறுமை இல்லை.

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்ற பிறகும் கலியாணங்கள் நடந்தன, கொண்டைகளும் போட்டோம். இரவு ஈரத் தலையை இறுக்கமான சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னி விட்டால் விடிய அவிழ்க்கும்போது அலை அலையாக இருக்கும். அயன் செய்கிற அதே வேலைதான், சூட்டுக்குப் பதிலாகத் தண்ணீர். இன்றைக்கும் இது உதவும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் பொது மின்வலையோடு சேராத தீவுகள். நெடுங்காலமாக டீசல் ஜெனரேற்றரில்தான் கரண்ட் வந்தது. சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டத்துக்கு இந்திய உதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதினார்கள். படகேறி அங்கே பொம்பிளை வெளிக்கிடுத்தப் போகிறவள், கரண்ட் போனாலும் கை வேலை செய்யும் என்ற நிலையில்தான் போக வேண்டும்.

கரண்ட் பற்றிப் பேசும்போது இன்னொன்று. கனடாவில் இருந்து வருகிற பொம்பிளைமார் தங்கள் அயனைத் தாங்களே கொண்டு வருவார்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பிளக்கின் காலை மாற்றுகிற அடப்ரர் வோல்ட்டை மாற்றாது. அயனின் கைப்பிடியிலோ வயரின் நுனியிலோ 100 தொடக்கம் 240 என்று போட்டிருந்தால் மட்டும் குத்துங்கள். இல்லாவிட்டால் கருகிய மணம் வரும், அன்றைக்கு அந்த வீட்டில் நீங்கள்தான் குற்றவாளி. லண்டனில் இருந்தும் பாரிசில் இருந்தும் வருகிற சாமான்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சடங்குக் கொண்டைக்குப் போவோம். எங்கள் பழைய இலக்கியம் பெண்களின் கூந்தலை ஐம்பால் என்று ஐந்து வகையாகப் பிரித்தது. முடி, கொண்டை, குழல், சுருள், பனிச்சை. எது எப்படி இருந்தது என்று உரைகாரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லட்டும். கொண்டை போடுகிற எங்களுக்கு அதில் தெரிய வேண்டியது, உச்சியில் முடிப்பதும் பக்கத்தில் முடிப்பதும் சுருட்டிச் செருகுவதும் வேறு வேறு வேலை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான்.

உயரத்தை எதை வைத்துத் தீர்மானிக்கிறது? முகவெட்டைப் பார் என்று புத்தகம் சொல்லும். நான் முதலில் பிடரியைப் பார்ப்பேன். யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடி பாரமானது; பின்கழுத்தில் சுரை பூட்ட வேண்டும். கெட்டிமேளம் அடிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், ஆயிரம் கண் பார்க்க, மாப்பிள்ளை நடுங்குகிற விரலால் அந்தச் சுரையைப் பூட்டுகிறார். அங்கே மாலையின் நார் ஒரு பக்கம், கூறையின் கரை ஒரு பக்கம். தாழ்ந்த கொண்டை ஒன்றும் வந்து பிடரியில் குந்தியிருந்தால் அவர் சுரையை எங்கே தேடுவார்? கிளிப்பில் கொடி மாட்டுப்பட்டு இழுபடும். ஆகவே தாலி கட்டுக்குப் போடுகிற கொண்டையின் கீழ் விளிம்பு, மயிர் முளைக்கிற எல்லைக்கு நான்கு விரல் மேலே நிற்க வேண்டும். தாழ்ந்த கொண்டைதான் வேண்டுமென்று பிள்ளை கேட்டால், அதைக் கலியாண எழுத்துக்கோ வரவேற்புக்கோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கீழே பூச்சடையும் தொங்குமென்றால், அதை ஒரு கையால் தூக்கிப் பிடிக்கத் தோழிக்கு முதலே சொல்லி வையுங்கள்.

உயரம் முடிவானதும் அத்திவாரம். தலையை மூன்றாகப் பிரியுங்கள்: இரண்டு காதுக்கும் முன்னால் உள்ளது ஒரு பங்கு, உச்சி ஒரு பங்கு, பின்தலை ஒரு பங்கு. பிரிக்கிறதற்கு வால் சீப்பு. முன்பங்கைத் தொடாமல் ஒரு பெரிய கிளிப்பில் ஒதுக்கி விடுங்கள். அது கடைசி வேலை. பின்பங்கை வாரி எடுத்துக் குதிரைவால் கட்டும்போது சாதாரண இறப்பரைச் சுற்றிச் சுற்றி இழுத்தால், கட்டக் கட்ட வால் சரிந்து கீழே இறங்கும். இரண்டு நுனியிலும் கொக்கி உள்ள இறப்பர் கடைகளில் இருக்கிறது. ஒரு கொக்கியை வாலின் அடியில் குத்தி, இறப்பரை இழுத்துச் சுற்றி, மற்றக் கொக்கியையும் அடியிலேயே குத்துங்கள். வால் அசையாது.

அந்த வாலின் அடியில் விரல் பருமனுக்கு ஒரு கற்றை எடுத்து, தலையோடு ஒட்டிச் சின்னதாகப் பின்னி, வளையமாக வைத்துக் குத்திவிடுங்கள். எங்கள் கடற்கரையில் வள்ளத்துக்கு நங்கூரம் எப்படியோ, கொண்டைக்கு அந்தப் பின்னல் அப்படி. இனிக் குத்துகிற ஒவ்வொரு ஊசியும் அதில் போய்ப் பிடிக்க வேண்டும். வழுக்குகிற வெறும் மயிரில் ஐம்பது கிளிப் குத்துகிறதும் ஒன்றுதான், நங்கூரப் பின்னலில் பன்னிரண்டு குத்துகிறதும் ஒன்றுதான். ஐம்பது குத்தினால் தலையிடி மட்டும் மிச்சம்.

கிளிப்பைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். இந்தக் கறுப்புக் கிளிப்புக்கு ஒரு கால் நேராக இருக்கும், மற்றக் கால் நெளிந்திருக்கும். நெளிந்த கால் தலைப்பக்கம் போக வேண்டும். மயிரைப் பிடிக்கிறது அந்த நெளிவுதான். பலர் அழகு என்று நினைத்து நெளிவை வெளியே விடுகிறார்கள். பல்லால் கடித்து விரிக்காதீர்கள்: நுனியில் இருக்கிற முத்து உரிந்து போனால் அது பொம்பிளையின் தலையைக் கீறும். குத்துகிற முறை இது. மயிர் எந்தப் பக்கம் விழப் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தில் இருந்து நாலு மயிரைக் கிளிப்பின் வாயில் பிடித்து, கிளிப்பை மற்றப் பக்கம் திருப்பி, அடியில் செலுத்துங்கள். ஒன்று வேலை செய்யாத இடத்தில் இரண்டைக் குறுக்கும் மறுக்குமாகப் பூட்டுங்கள். வழுக்கல் மயிர் என்றால் கிளிப்பின் மேலேயே கொஞ்சம் ஹெயார் ஸ்பிறே அடித்துவிட்டுக் குத்தலாம்.

கொண்டை ஊசி வேறு. இரண்டு காலும் அகன்ற அந்த ஊசி இறுக்கிப் பிடிக்காது, தாங்கிப் பிடிக்கும். அதை நேரே குத்தினால் ஐயர் மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் வெளியே எட்டிப் பார்க்கும். ஊசியை நிமிர்த்தி, கொண்டையின் வெளி விளிம்பில் கொஞ்சம் மயிரைக் கோலி, அப்படியே கவிழ்த்து, நடுவை நோக்கிச் செலுத்த வேண்டும். குத்தியதும் பிள்ளையைத் தலையை ஆட்டச் சொல்லுங்கள், குனியச் சொல்லுங்கள். ஆட்டாமல் அனுப்பாதீர்கள்.

மயிர் குறைந்த பிள்ளைக்கு உள்ளே டோனட் வைக்கலாம், சவரி சேர்க்கலாம், வேரில் பின்சீவிப் பஃப் எடுக்கலாம். பின்சீவுவதென்றால் கற்றையை நிமிர்த்திப் பிடித்து, நடுவில் இருந்து வேருக்குச் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று தரம் சீவித் தள்ளுவது. மேல்பரப்பை மட்டும் மெல்லிய பிறஷால் தடவி மூடுவது. 1960இல் சிக்காகோவில் மார்கரெட் வின்சி ஹெல்ட் என்ற சிகை அலங்காரி தேன்கூட்டுக் கொண்டையைப் போட்டுக் காட்டிய பிறகு இந்தப் பின்சீவல் உலகமெல்லாம் போனது. அந்தக் காலத் தமிழ்ப் படக் கதாநாயகிகளின் உயரக் கொண்டைகளைப் பார்த்தால் அந்த அலை இங்கேயும் அடித்தது தெரியும். எங்கள் வீடுகளில் அந்தக் காலத்துக் கலியாணப் படங்களைத் தேடினால் கிடைப்பது குறைவு. 1990, 91 இடப்பெயர்வில் தீவுப் பகுதியை விட்டு ஓடியவர்கள் அல்பத்தையா தூக்கினார்கள்?

உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த கொண்டைக் கதை ரோமாபுரிக் கதை. ஜூலியா டோம்னா என்ற ரோமப் பேரரசியின் சிலை ஒன்று அமெரிக்காவின் போல்டிமோர் நகரத்து வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்தலையில் பின்னல்களைச் சுருட்டி அடுக்கிய பெரிய கொண்டை. இது சொந்த மயிராக இருக்காது, பொய்முடிதான் என்று அறிஞர்கள் பலர் எண்ணியிருந்தார்கள். அதே நகரத்தில் சலூனில் வேலை செய்த ஜனட் ஸ்டீபன்ஸ் என்ற பெண் 2001இல் அந்தச் சிலையைப் பின்பக்கமாகப் பார்த்தார். பின்பக்கம் பார்க்கிறது எங்கள் தொழில் புத்தி. வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தார், கிளிப்பில் நிற்கவில்லை. கடைசியில் ஊசி நூலால் மயிரை மயிரோடு தைத்துக் காட்டினார், நின்றது. 2008இல் ரோமத் தொல்லியல் பற்றிய ஆய்விதழில் அவருடைய கட்டுரை வந்தது.

இதை நான் சொன்னதும், பிள்ளைகளைக் கொண்டுவந்து விட வந்து பின்வாங்கில் குந்திவிட்ட அம்மாமார் சிரிக்கிறீர்கள். பூச்சடைக்குப் பூத் தைத்த கை உங்களுடையது. பூவைச் செருகாமல், சரத்தைப் பின்னலோடு வைத்து நூலால் தைத்தால் நாள் முழுக்க அசையாது என்று உங்களுக்கு யாரும் ஆய்விதழில் எழுதித் தரவில்லை. பிள்ளைகளே, இதை இவர்களிடம் பழகுங்கள்: முனை மழுங்கிய தடித்த ஊசி, மயிரின் நிறத்தில் நூல், தையல் மயிருக்குள்ளே போக வேண்டும், தோலைத் தொடக் கூடாது. கொண்டை மாலையையும் இரண்டு மூன்று இடத்தில் தைத்துவிட்டால் பாதிக் கிளிப் மிச்சம். பூவை வைக்கும் முன் தண்ணீரை நன்றாக உதறுங்கள். நனைந்த மல்லிகைச் சரம் பாரம்; அதன் ஈரம் அடியில் உள்ள சுருளையும் நிமிர்த்திவிடும்.

எங்கள் கடற்காற்று தனிக்கதை. ஆனி, ஆவணியில்தான் முகூர்த்தம் குவியும். அதே மாதங்களில்தான் சோளகம் அடிக்கும். மண்டபம் யாழ்ப்பாணப் பட்டினத்தில் என்றால் பண்ணைப் பாலம் கடக்கும்வரை கார்க் கண்ணாடியைத் திறக்க விடாதீர்கள். உப்பு ஈரத்தை இழுக்கும். உப்புப் படிந்த மயிர் பிசுபிசுக்கும், சுருள் இளகும். (இதே கடலுப்பைப் போத்திலில் அடைத்து, மயிருக்குக் கனம் தரும் ஸ்பிறே என்று வெளிநாட்டில் விற்கிறார்கள். எங்களுக்கு இலவசமாகக் கிடைப்பதால் மதிப்பில்லை.) கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான், சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் சவர்க்காரத்தோடு சேர்ந்து மயிரில் வெள்ளைப் படலம் விடும். ஆச்சிமார் தேசிக்காய் அவித்துத் தலைக்கு வைத்தது சும்மா இல்லை, புளிப்பு அந்தப் படலத்தைக் கரைக்கும். முதல் நாள் கழுவலின் கடைசி அலசலுக்கு ஒரு வாளித் தண்ணீரில் ஒரு தேசிக்காய் பிழிந்தால் போதும்.

ஹெயார் ஸ்பிறே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த தூரத்தில் இருந்து, மெல்லிய படலமாக, காயக் காய அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் நனைய நனைய அடித்தால் மயிர் ஈரமாகிக் கொண்டை இளகும். அதற்குள் இருப்பது அற்ககோலும் எரிவாயுவும். எங்கள் சடங்கில் ஓமம் எரிகிறது, குத்துவிளக்கு எரிகிறது, முகத்துக்கு நேரே ஆராத்தித் தட்டு சுற்றுகிறார்கள். கூறை மாற்றுகிற அறையில் கடைசி அவசரத்தில் ஸ்பிறேயை அடித்து, ஈரம் காயாத தலையோடு பொம்பிளையை ஓமத்துக்கு முன்னால் அனுப்பாதீர்கள். அந்த அறைக்குள் விளக்கு எரிந்தால் ஸ்பிறேயைக் கையிலும் எடுக்காதீர்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஸ்பிறே வேலை முழுவதும் மண்டபத்துக்கு வெளிக்கிட முன்னமே முடிந்திருக்க வேண்டும். கூறை மாற்றும்போது சேலையைத் தலைக்கு மேலால் எடுக்க விடாமல் கீழால் கழற்றச் சொல்லி, இரண்டு கொண்டை ஊசியும் ஒரு வால் சீப்பும் மட்டும் கையில் வைத்திருங்கள்.

ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கலியாணத்துக்கு வேலைக்குப் போனால், தலையில் வைக்கிற வலை பின்னுக்கு இழுக்கும். அதன் சீப்பைக் கொண்டையின் மேல்விளிம்பில், நங்கூரப் பின்னலுக்குள் இறக்குங்கள். மற்றதெல்லாம் அதே வேலை.

இறுக்கம் பற்றிக் கேட்கிறீர்கள். குலையாமல் இருக்க இறுக்க வேண்டும் என்ற எண்ணம் பிழை. பிள்ளையைப் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றித் தோல் இழுபட்டு நோகிறதென்றால் வால் சீப்பின் வாலால் வேரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். நாள்தோறும் இழுத்து இறுக்கி வாருகிறவர்களுக்கு நெற்றியோரத்திலும் காதோரத்திலும் மயிர் உதிர்ந்து, நீண்ட காலம் போனால் திரும்ப முளைக்காமலே விடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரட்டைப் பின்னல் இழைக்கிற அம்மாமாரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவு கொண்டையை அவிழ்க்கவும் யாரையாவது பழக்கிவிட்டு வாருங்கள். பொம்பிளை களைத்துப்போய்த் தானே பிய்த்து இழுத்தால் கைநிறைய மயிர் வரும். முதலில் தையல் நூலை வெட்டிப் பூவை எடுக்க வேண்டும், பிறகு கொண்டை ஊசி, பிறகு கிளிப், கடைசியில் இறப்பர். இறப்பரைக் கத்தரிக்கோலால் வெட்டலாம், இழுக்கக் கூடாது. எத்தனை கிளிப் குத்தினீர்கள் என்று ஒரு துண்டில் எழுதித் தோழியிடம் கொடுத்தால், ஒன்று தலைக்குள் இருக்கத் தலையணையில் படுக்க வேண்டி வராது. ஸ்பிறே காய்ந்த தலையை உலர்வாகச் சீவாமல், விரலில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டு நுனியில் இருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும்.

பேச்சு போதும். சாமான்கள் மேசையில் இருக்கின்றன. இன்று காலையில் முழுகிவிட்டு வந்த பிள்ளை யாராவது இருந்தால் முன்னுக்கு வந்து இந்தக் கதிரையில் இருங்கோ. வழுக்கல் தலையிலேயே தொடங்குவோம். பூத் தைக்கத் தெரிந்த அம்மாமார் இரண்டு பேரும் வாருங்கோ.